துவர் ஏறும் விதம்

மும்பையில் சயானிலிருந்து பாந்த்ராவை நோக்கிச் செல்லும் சாலையில், தாராவியின் ஓரமாக நடந்து போகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை தோற்பொருட்கள் விற்கும் கடைகள். பைகள், இடைவார்கள், பணப்பைகள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கு வந்து குடியேறிய தமிழர்களில் பெரும் பகுதியினருக்குச் சோறு போட்ட தொழில் தோல் பதனிடுதல். 1970களின் தொடக்கத்தில் பாந்த்ராவிலிருந்த இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாறிய பின், பதனிடும் தொட்டிகள் படிப்படியாகக் குறைந்தன. இன்று தாராவியில் மிகுதியாக நடப்பது பதனிட்ட தோலை வாங்கிப் பொருளாக்கும் வேலை. ஆயினும் அந்தப் பழைய தொட்டிகளின் கதையில் சாதகன் ஒருவன் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. அந்தப் பாடம் தமிழிலும் வடமொழியிலும் சில சொற்களுக்குள் மறைந்து கிடக்கிறது.

பச்சைத் தோல் ஓரிரு நாளில் அழுகத் தொடங்கும். உப்பிட்டு வைத்து, பின் நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் இட்டு மயிரை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, சுண்ணாம்பையும் கழுவிப் போக்கிய பிறகே அது பட்டைச் சாற்றுக்குத் தகுதி பெறும். தமிழகத்தில் இதற்கு ஆவாரம்பட்டை பெயர் பெற்றது, பிற்காலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்பட்ட வாட்டில் மரத்தின் பட்டை அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது, கடுக்காயும் உண்டு. இவற்றிலுள்ள துவர்ப்பொருள் தோலின் புரத நார்களோடு பிணைந்துகொள்கிறது. அதன் பின் அந்தத் தோல் அழுகுவதில்லை.

இங்கே தொழில் தெரிந்தவர்கள் கண்டிப்பாகப் பின்பற்றிய முறை ஒன்று உண்டு. தோலை முதலில் இடுவது நீர்த்துப்போன பழைய சாற்றில்தான். ஏற்கெனவே பல தோல்களுக்குப் பயன்பட்டு, துவர் மிகவும் குறைந்த சாறு அது. அங்கே சில நாள். பிறகு சற்றுக் கடுமையான சாறு. அதன் பின் அதைவிடக் கடுமையானது. இவ்வாறு தொட்டி தொட்டியாக மாற்றிக்கொண்டே வாரக்கணக்கில் செல்வார்கள். அவசரப்பட்டு முதல் நாளே கடுஞ்சாற்றில் இட்டால் என்ன ஆகும்? மேற்பரப்பிலுள்ள நார்கள் உடனே துவரைப் பற்றி இறுகிவிடும். இறுகிய அந்த மேல்படலமே உள்ளே சாறு புகும் வழியை அடைத்துவிடும். வெளியே பார்ப்பதற்கு நன்றாகப் பதப்பட்ட தோல், நடுவிலோ பச்சை. பார்வைக்கு இதைப் போல ஏமாற்றும் பொருள் வேறில்லை.

குரோமிய உப்பைக் கொண்டு மிகக் குறுகிய காலத்தில் பதனிடும் முறை வந்த பின்னும் இந்த விதி மாறவில்லை. புளிப்பு மிகுந்த நிலையில் உப்பை முதலில் உள்ளே ஊடுருவ விடுகிறார்கள். நன்கு ஊடுருவிய பின்பே புளிப்பைக் குறைத்து அதை நாரோடு பிணையச் செய்கிறார்கள். ஊடுருவுதல் வேறு, பிடித்துக்கொள்ளுதல் வேறு. இரண்டாவது முந்திக்கொண்டால் முதலாவது நின்றுவிடும்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாரந்தோறும் கீதை வகுப்புக்கும் உபந்நியாசத்துக்கும் தவறாமல் செல்லும் அன்பர்கள் பலர் உண்டு. இருபது ஆண்டுகள் கேட்டிருப்பார்கள். சுலோகங்கள் மனப்பாடம், விளக்கங்களும் தெரியும். ஆயினும் வீட்டில் காபி சற்று ஆறிப்போனால் எழும் கோபம் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அதே கோபம்தான் என்பதை அவர்களே சொல்லி வருந்துவதுண்டு. இது கேலிக்குரியதன்று, உண்மையான துயரம். கேட்டது எங்கே போயிற்று? மறக்கவில்லை; ஆனால் உள்ளே போகவும் இல்லை. உட்கொள்ளுதலைக் குறிக்க நம் முன்னோர் படைத்த சொற்கள் இந்தக் கேள்வியைத்தான் பல கோணங்களில் தொடுகின்றன.

முதலில் ‘துவர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு சுவையின் பெயர். கடுக்காயையோ முற்றாத வாழைக்காயையோ கடித்தால் நாக்கு உணர்வது. சிவப்பு நிறமும் துவர்தான். இவை தவிர, ‘துவர்தல்’ என்பதற்கு உலர்தல் என்ற பொருளும் உண்டு. குமரி மாவட்டத்தில் குளித்தபின் தலை துடைக்கும் துண்டுக்கு ‘துவர்த்து’ என்று பெயர். மலையாளத்தில் அது ‘தோர்த்து’ ஆகியிருக்கிறது. துவர்ப்புச் சுவைக்கும் உலர்தலுக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டியதில்லை. துவர்ப்பொருள் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைப் பிரித்துவிடுவதால்தான் நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்கிறது. தொட்டியில் தோலுக்கு நேர்வதும் வாயில் நாக்குக்கு நேர்வதும் ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சி. வேதியியல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மொழி இவ்விரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்துவிட்டது.

வடமொழியில் துவருக்கு நேரான சொல் ‘கஷாயம்’. ஆயுர்வேதம் கூறும் ஆறு சுவைகளுள் துவர்ப்பின் பெயர் அது. பட்டையையும் வேரையும் கொதிக்கவைத்து இறக்கிய சாறும் கஷாயமே. அந்த வகையில் மாதுங்காவின் உணவகங்களில் காலை முதல் சொட்டிக்கொண்டிருக்கும் காபி டிகாக்ஷனும் ஒரு கஷாயம்தான். அந்தச் சாறு துணியில் ஏற்றும் செம்பழுப்பு நிறமும் கஷாயம். அந்த நிறம் ஏறிய ஆடை ‘காஷாயம்’. துறவியர் உடுத்தும் காவியைப் பழந்தமிழ் ‘துவராடை’ என்றே வழங்கியது. ஆக, சமுதாயம் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தொழிலாளியின் தொட்டியில் இருந்த சாற்றுக்கும், அதே சமுதாயம் விழுந்து வணங்கிய துறவியின் ஆடைக்கும் பெயர் ஒன்று. காசியில் செருப்புத் தைத்து வாழ்ந்த மகான் ரவிதாசர் இந்த ஒற்றுமையை அறிந்திருப்பார். மனம் தூயதாக இருந்தால் தோல் ஊறவைக்கும் மரத்தொட்டியிலேயே கங்கை இருக்கிறாள் என்ற கருத்துடைய வழக்கு வட இந்தியாவில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கஷாயத்துக்கு மற்றொரு பொருளும் உண்டு. அதுதான் நம் கேள்விக்கு நெருங்கியது. கறை, மனத்தில் ஏறிவிட்ட பற்று என்பன அப்பொருள். சமணர்கள் கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை ஆகிய நான்கையும் கஷாயங்கள் என்றே அழைப்பர். வேதாந்தத்தில் தியானத்துக்கு வரும் இடையூறுகளைச் சொல்லும்போது லயம், விக்ஷேபம், கஷாயம், ரஸாஸ்வாதம் என்று நான்கைச் சொல்வது மரபு. கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில் மூன்றாம் பிரகரணத்தின் இறுதிப்பகுதியில் இவற்றுக்கான அடிப்படை இருக்கிறது. சதானந்தரின் வேதாந்தசாரம் இவற்றை வரையறுத்துக் கூறுகிறது. லயம் என்பது தூக்கம். விக்ஷேபம் என்பது அலைதல். ரஸாஸ்வாதம், வழியில் கிடைக்கும் சிறு இன்பத்தைச் சுவைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுதல். கஷாயம் எது? மனம் தூங்கவும் இல்லை, அலையவும் இல்லை. ஆனாலும் பொருளில் நிற்கவில்லை. உள்ளே ஊறிக் கிடக்கும் பற்றினால் விறைத்துப்போய்க் கிடக்கிறது. சதானந்தர் இங்கே ‘ஸ்தப்தம்’, அதாவது விறைப்பு, என்ற பொருள் தரும் சொல்லையே பயன்படுத்துகிறார். கடுஞ்சாற்றில் முதல் நாளே விழுந்து மேற்பரப்பு விறைத்துப்போன தோலைப் பார்த்தவர்களுக்கு இந்த வரையறை உரையின்றியே விளங்கும்.

கேட்டதெல்லாம் உள்ளே போகாததற்குக் கேட்டது போதாமை காரணமன்று என்பது இதிலிருந்து தெரிகிறது. ஏற்கெனவே மேலே ஏறி இறுகிவிட்ட ஏதோ ஒன்று வழியை அடைக்கிறது. பல நேரங்களில் அந்த ஏதோ ஒன்று, ‘இது எனக்குத் தெரியும்’ என்ற எண்ணமே.

தமிழின் ‘ஊறு’ இன்னும் வியப்புக்குரிய சொல். நீர் உள்ளே புகுவதும் ஊறுதல், உள்ளிருந்து வெளியே வருவதும் ஊறுதல். அரிசி ஊறுகிறது என்றால் நீர் உள்ளே போகிறது. கிணறு ஊறுகிறது என்றால் நீர் வெளியே சுரக்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது; துணி சோப்பு நீரில் ஊறுகிறது. எதிரெதிர்த் திசைகளுக்கு ஒரே வினைச்சொல் எப்படி அமைந்தது? மாங்காயை உப்பிட்டு ஜாடியில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மறுநாள் ஜாடியில் நீர் நிற்கிறது. ஒரு துளி நீரும் நாம் ஊற்றவில்லை. உப்பு உள்ளே சென்றிருக்கிறது, மாங்காயின் நீர் வெளியே வந்திருக்கிறது. பள்ளிப் பாடநூல் இதைச் சவ்வூடு பரவல் என்று விளக்கும். ஊறுகாய் என்ற பெயரை இட்ட பாட்டிமார்களுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் எது உள்ளே புகுந்தாலும் ஏதோ ஒன்று வெளியேறியே ஆக வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வள்ளுவர் கல்விக்கு உவமையாக எடுத்ததும் ஊறும் மணற்கேணியைத்தான். அங்கே அறிவு வெளியிலிருந்து நிரப்பப்படவில்லை. தோண்டத் தோண்ட உள்ளிருந்து சுரக்கிறது.

‘தோய்’ என்ற சொல்லும் இதற்கு அண்டை வீட்டுக்காரன். துணி தோய்ப்பது நனைப்பது. பால் தோய்வது தயிராவது. முதலதில் துணி துணியாகவே இருக்கிறது. இரண்டாவதில் பால் பாலாக இல்லை. ஒரு கரண்டி மோர் பாத்திரம் முழுவதையும் மாற்றிவிட்டது, திரும்பிப் போகவும் வழியில்லை. ஒருவரைக் ‘கல்வியில் தோய்ந்தவர்’ என்று புகழும்போது இவ்விரண்டில் எந்தத் தோய்தலைச் சொல்கிறோம் என்பதை நிதானித்துப் பார்ப்பது நல்லது. நனைந்த துணி வெயிலில் உலர்ந்துவிடும்.

‘உறிஞ்சு’ என்ற சொல் வெளியிலிருந்து வலிந்து இழுப்பதைக் குறிக்கும். கொசு உறிஞ்சுகிறது, வேர் உறிஞ்சுகிறது, மையொற்றும் தாள் உறிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘அப்சார்ப்ஷன்’ இலத்தீன் மொழியில் உறிஞ்சிக் குடித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பொருளின் மேற்பரப்பில் மட்டும் பற்றிக்கொள்ளுதல் வேறு என்பதை அறிவியலாளர் உணர்ந்து, ‘அட்சார்ப்ஷன்’ என்ற புதுச் சொல்லை 1881இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கைசர் வழங்கினார். தமிழ்ப் பாடநூல்கள் முன்னதை உட்கவர்தல் என்றும் பின்னதைப் பரப்புக் கவர்தல் என்றும் வேறுபடுத்துகின்றன. ஈழத் தமிழில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்பர். பின்னவை இரண்டும் இன்னும் தெளிவு. செம்பூருக்கு அடுத்துள்ள டிராம்பேயில், 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய ஆசியாவின் முதல் அணு உலையான ‘அப்ஸரா’ முதற்கொண்டு, உலைகளைக் கட்டுக்குள் வைக்கும் முறையும் ஒரு வகை உட்கவர்தலே. கேட்மியம், போரான் போன்ற பொருட்கள் நியூட்ரான்களைத் தம்முள் ஏற்றுக்கொள்வதால்தான் உலையில் வினை வரம்பு மீறாமல் நிற்கிறது. உள்வாங்கிக்கொள்ளும் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீடு எரியாமல் இருப்பதை இதனோடு ஒப்பிடத் தோன்றினால் அது தவறன்று.

பள்ளிப் பிள்ளைகளின் உயிரியல் பாடத்தில் உணவு உடலாகும் வழி ஐந்து படிகளாகச் சொல்லப்படுகிறது. உட்கொள்ளுதல், செரித்தல், உட்கிரகித்தல், தன்மயமாதல், வெளியேற்றுதல். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்த ஐந்து சொற்களையும் மெதுவாகப் படித்தால் வேதாந்த வகுப்பு ஒன்றே அதில் அடங்கியிருப்பது தெரியும்.

‘கிரகித்தல்’ வந்தது பற்றுதல் என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து. சூரியனைப் பற்றுவதாகக் கருதப்பட்டதால் கிரகணம். மனிதரைப் பற்றுவதாகக் கருதப்பட்டதால் கிரகம். திருமணத்தில் கைப்பற்றுவது பாணிக்கிரகணம். பொருளைப் பற்றாமல் இருப்பது அபரிக்கிரகம். உண்மையைப் பற்றிக்கொண்டு நிற்பது சத்தியாக்கிரகம். பற்றும் கை ஒன்றே; எதைப் பற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு. தமிழின் ‘கொள்’ என்பதும் அவ்வாறே. கொள்கை அதிலிருந்து பிறந்தது, கொள்ளையும் அதிலிருந்தே பிறந்தது.

ஆனால் ‘தன்மயம்’ என்ற சொல்லில் தமிழ்க் காது ஒரு பிழையைச் செய்கிறது. அந்தப் பிழை சிந்திக்கத் தக்கது. வடமொழியில் இச்சொல் ‘தத்’, ‘மயம்’ என்ற இரண்டும் சேர்ந்தது. ‘தத்’ என்றால் அது. தன்மயம் என்றால் ‘அதுவாகவே ஆனது’. தமிழறிந்தவன் காதிலோ அது ‘தன்’ மயம் என்று, ‘தானாகவே ஆக்கிக்கொண்டது’ என்று விழுகிறது. உயிரியல் பாடம் இந்த இரண்டாவது பொருளில்தான் நிற்கிறது. தட்டில் இருந்த சோறு நானாகிவிட்டது. வேதாந்தம் முதல் பொருளில் நிற்கிறது. நான் அதுவாகிவிட்டேன். ஒன்றில் உண்பவன் மிஞ்சுகிறான், உணவு மறைகிறது. மற்றதில் உண்பவன் மறைகிறான். கீதையைக் கற்றுத் தன் கருத்துக்கு ஏற்பச் செரித்துக்கொண்டவனுக்கும், கீதையில் கரைந்தவனுக்கும் நடுவிலுள்ள தூரம் இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவிலுள்ள தூரம்தான். 1897இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகளுள் ஒன்றில் சுவாமி விவேகானந்தர், ஒரு நூலகம் முழுவதையும் மனனம் செய்தவனைக் காட்டிலும் ஒரு சில கருத்துகளை வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவனைக் கற்றவன் என்று கொண்டார். அவர் அங்கே ஆண்ட ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் ‘ஒத்ததாக ஆக்குதல்’. எதை எதற்கு ஒத்ததாக்குவது என்ற கேள்வி அதிலும் திறந்தே இருக்கிறது. அவர் விடையோ ஐயத்துக்கு இடமற்றது, மாற வேண்டியது வாழ்க்கை.

உண்பதைப் பற்றிப் பேசும்போது சாந்தோக்ய உபநிஷதத்தை விட்டுவிட இயலாது. உண்ட உணவு மூன்றாகப் பிரிகிறது என்று உத்தாலகர் மகனிடம் கூறுகிறார். பருமையானது கழிவாகிறது, இடைப்பட்டது சதையாகிறது, நுண்ணியது மனமாகிறது. மகன் சுவேதகேதுவுக்கு இது சொல்லாக மட்டுமே கேட்கிறது. உடனே தந்தை ஒரு சோதனை வைக்கிறார். பதினைந்து நாள் உண்ணாதே, நீர் மட்டும் பருகு. பதினாறாம் நாள் வேதத்தைச் சொல்லச் சொன்னால் மகனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்டு வந்தபின் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. இத்தனை பழமையான நூலில் ஆசிரியர் மாணவனிடம் ‘நம்பு’ என்று சொல்லாமல் ‘செய்து பார்’ என்று சொன்னது எண்ணி மகிழத்தக்கது. துவரின் கதையும் இதில் இருக்கிறது. கருத்து முதலில் நீர்த்த சாறாகத் தரப்பட்டது. பதினைந்து நாள் பட்டினி அடுத்த தொட்டி. ‘அது நீயே’ என்ற கடுஞ்சாறு அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் ஒன்பது முறை, வேறு வேறு உவமைகளோடு.

அதே உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாய முடிவில் ஆகாரத் தூய்மையால் மனத்தூய்மை என்ற கருத்து வருகிறது. ‘ஆகாரம்’ என்பதற்கு நாம் சோறு என்றே பொருள் கொண்டுவிட்டோம். சொல்லின் அமைப்போ ‘உள்ளே கொண்டுவரப்படுவது’ என்பது. சங்கரர் இங்கே கண், காது முதலிய புலன்களின் வழியே உள்ளே வருவன அனைத்தையும் ஆகாரம் என்று கொள்கிறார். இராமாநுஜர் உண்ணும் உணவையே கொண்டு, அதில் விலக்க வேண்டியவற்றை வகுத்துச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்று வாதிடுவதை விட, இரண்டும் ஒரே வாசலின் இரு கதவுகள் என்று கொள்வது சாதகனுக்குப் பயன் தரும். மாதுங்காவில் வெங்காயம் விலக்கிய சமையல் கிடைக்கும் இடத்தைத் தேடிச் சென்று உண்டுவிட்டு, வழியெல்லாம் கைபேசியில் பிறர் வீட்டுச் சண்டையைப் பார்த்துக்கொண்டு வருபவர் ஒரு கதவைத்தான் சாத்தியிருக்கிறார்.

மும்பைத் தமிழர்களுக்கு மராத்தி ஒரு கூடுதல் செல்வம். அந்த மொழியில் ‘ஜிர்ணே’ என்ற வினைக்குச் செரித்தல் என்ற பொருளும், நீர் நிலத்தில் இறங்குதல் என்ற பொருளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் வறண்ட மாவட்டங்களில் சுவர்தோறும் எழுதப்பட்ட ‘பாணி அட்வா, பாணி ஜிர்வா’ என்ற முழக்கத்தின் பொருள், நீரைத் தடுத்து நிறுத்துங்கள், நிலத்தைச் செரிக்கச் செய்யுங்கள் என்பதே. நாம் சொல்லும் ‘ஜீரணம்’ இதே வேர். பழுதடைந்த கோயிலைப் புதுப்பிப்பதற்கு ‘ஜீர்ணோத்தாரணம்’ என்று பெயர். அங்கே ஜீர்ணம் என்றால் தேய்ந்துபோனது. உணவு தன் உருவம் தேய்ந்து போனால்தான் செரித்ததாகப் பொருள். குழந்தைக்குப் பாலூட்டிய பின் வயிற்றைத் தடவி, அகத்தியர் வாதாபியைச் செரித்த கதையைச் சொல்லும் தாய்மார்களின் வழக்கத்திலும் இதுவே இருக்கிறது. வாதாபி உருமாறாமல் உள்ளேயே இருந்து, அண்ணன் அழைத்ததும் வயிற்றைக் கிழித்து வெளிவரும் அரக்கன். செரிக்காத எதுவும், அது வேதமே ஆனாலும், ஒருநாள் வாதாபியாகும்.

நிலம் செரிக்க மறந்தால் நேர்வதை மும்பை 2005 ஜூலை 26 அன்று கண்டது. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும் சூழ்ந்த சதுப்பு ஒரு காலத்தில் நீரை வாங்கிக்கொள்ளும் நிலமாக இருந்தது; தாராவியே அந்தச் சதுப்பின் மேல் எழுந்த ஊர். மண்ணை மூடிக் கட்டடமும் சாலையும் வந்த பிறகு, கொட்டிய நீர் இறங்க இடமின்றித் தெருவில் நின்றது. அந்நாளில் மின்சாரமும் ரயிலும் இல்லாத நகரில், முகம் அறியாதவர்களுக்குத் தேநீரும் ரொட்டியும் தந்து வீட்டுக்குள் இடம் கொடுத்தவர்கள் அடுக்குமாடியிலும் இருந்தார்கள், குடிசையிலும் இருந்தார்கள். ‘ஈரம்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு நனைவு என்றும் அன்பு என்றும் இரு பொருள் இருப்பதும், இனியவை கூறல் அதிகாரத்தைத் தொடங்கும் குறளில் பரிமேலழகர் அதற்கு அன்பு என்றே உரை கண்டதும் இங்கு நினைவுக்கு வருகின்றன. தாராவிக்கு அருகே நகரின் குப்பை கொட்டப்பட்டுவந்த நிலம் மரங்கள் நடப்பட்டு, 1994 முதல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. அங்கே நீர் இன்றும் இறங்குகிறது.

மராத்தியிலும் இந்தியிலும் ‘சோஷண்’ என்றால் உழைப்பைச் சுரண்டுதல். வேர்ப்பொருள் உலர்த்துதல். உறிஞ்சுபவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது உட்கொள்ளுதல். உறிஞ்சப்படுபவன் பக்கத்திலிருந்து பார்த்தால் உலர்ந்துபோதல். மொழி இங்கே இரண்டாமவன் பக்கம் நின்று பெயர் வைத்திருக்கிறது. தாராவியின் தொட்டிகளில் முழங்கால் அளவு சுண்ணாம்பு நீரில் நின்றவர்களின் தோலும் உலர்ந்தது என்பதைக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பை சொல்லாது. கீதையின் இரண்டாம் அத்தியாயம் ஆன்மாவை நனைக்கவும் முடியாது, உலர்த்தவும் முடியாது என்று கூறுமிடத்தில் இதே வேர்ச்சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆன்மா எதையும் உறிஞ்சுவதில்லை, எதனாலும் உறிஞ்சப்படுவதுமில்லை. கறை ஏறுவது மனத்துக்கு. சாயம் ஏற வேண்டியதும் மனத்துக்கே. ஆனால் அதைச் சொல்லி உலர்ந்துகொண்டிருப்பவனின் தாகத்தை மறந்துவிடுவது, வேதாந்தத்தையும் மேற்பரப்பில் மட்டும் ஏற்றிக்கொண்டதற்கு அடையாளம்.

இனி ‘லயம்’. ஒட்டுதல், கரைதல், மறைதல் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. பிரளயம் அதிலிருந்து வந்தது. இசையில் சுருதியோடு இணைத்துச் சொல்லும் லயமும் அதுவே. ஆலயம் என்பதற்கு ‘ஆன்மா லயிக்கும் இடம்’ என்று சொற்பொழிவுகளில் விளக்கம் தருவதுண்டு. விளக்கம் அழகாக இருக்கிறது. இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. ஆலயம் என்பது வந்து தங்கும் இடம், உறைவிடம். பனி தங்கும் இடம் இமாலயம். பனி அங்கே ஆன்மாவில் லயிக்கவில்லை. அழகான விளக்கம் என்பதற்காகத் தவறானதை ஏற்க வேண்டியதில்லை. மாதுங்காவின் பஜனை மடங்களிலும் செம்பூர் முருகன் கோயிலிலும் சென்று அமர்பவர்களுக்கு ‘வந்து தங்குதல்’ என்ற பொருளே போதுமானது. தங்கினால் அல்லவா ஊறும்.

லயம் என்ற சொல் வேதாந்தத்தில் எப்போதும் புகழ்ச்சியாக வருவதில்லை என்பதை மேலே கண்டோம். தியானத்தில் மனம் லயத்தில் விழுந்தால் அதை எழுப்ப வேண்டும் என்பது கௌடபாதரின் அறிவுரை. ஆங்கில நூல்களில் சமாதியை ‘அப்சார்ப்ஷன்’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒன்றில் உறிஞ்சப்பட்டு உணர்விழப்பதே சமாதி என்று எண்ணுவோர் உண்டு. சமாதி என்ற சொல்லின் உறுப்புகள் சொல்வது ‘நன்றாக ஒருசேர வைக்கப்பட்ட நிலை’. அதில் மயக்கம் இல்லை. வைத்த பொருள் அசையாமல் இருக்கிறது, அவ்வளவே. கௌடபாதர் கஷாயத்தைப் பற்றிச் சொல்வதும் இதற்கு இசைவானது. லயத்தில் விழுந்த மனத்தை எழுப்பு, அலைந்த மனத்தை அமைதிப்படுத்து என்று செயல்களைச் சொன்னவர், கஷாயம் ஏறிய மனத்துக்கு மட்டும் அது ஏறியிருக்கிறது என்று ‘அறிந்துகொள்’ என்று நிறுத்திக்கொள்கிறார். அறிவதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தோல் பதனிடுகிறவர்களிடம் அதற்கு ஓர் எளிய முறை இருந்தது. பல வாரம் தொட்டியில் கிடந்த தோலை வெளியே எடுத்து, மேற்பரப்பைப் பார்ப்பதோ தடவுவதோ இல்லை. ஓரத்தில், தடிப்பு மிகுந்த இடத்தில், கத்தியால் சிறு கீற்று ஒன்றை வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடிப்பார்கள். இரு பக்கமும் பழுப்பாக இருந்து நடுவில் நூலளவு வெளிறிய கோடு தெரிந்தால், ஒன்றும் பேசாமல் அந்தத் தோலை மீண்டும் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள்.